ஆடிட்டர் பார்க்காத கணக்கு

ஜி.எஸ்.டி. தாக்கல் தள்ளிப்போனால் செல்போன் சிணுங்கும், ஆடிட்டரும் அழைப்பார். தராசு முத்திரை காலாவதியானால் யாரும் சொல்ல மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையோ, ராசிபுரம் மளிகைக் கடையோ, எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். இரண்டாண்டுத் தவணை எடைக்கற்களுக்குத்தான். இதைச் சோதிப்பது வணிகவரித் துறை அல்ல, தொழிலாளர் துறை.

அதே துறை கேட்பவை இன்னும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு தேசிய நாட்கள், ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. கடைகள் சட்டத்தின் 2021 திருத்தப்படி பணியாளர்கள் உட்கார இருக்கை. ஐந்து பேர் வேலை பார்த்தாலே தொழிலாளர் நல நிதிக்கு ஆண்டுச் சந்தா. ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான், அதனாலேயே மறந்துபோகிறது. கடைப் பதிவும் இந்தப் பட்டியலில் உண்டு. ‘அப்பா காலத்திலிருந்து கடை நடத்துகிறோம், பதிவு என்று யாரும் கேட்டதில்லை’ என்பவர் சொல்வதும் பொய்யல்ல. 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் முன்பு பதிவே கிடையாது. 2024 ஜூலை 2 முதல்தான் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளுக்கு அது வந்தது.

இவற்றில் தவறினால் அபராதத்தோடு போகலாம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் தொழிலில் தவறு முதலையே விழுங்கும். மச்சானும் பெரியப்பா மகனும் சேர்ந்து கூட்டுப் பத்திரம் எழுதுவார்கள். பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் வந்துவிடும். நிறுவனம் பதிவாகிவிட்டதாக நினைப்பு. மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது விட்டுப்போகும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பதியாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக உரிமையியல் வழக்குப் போட முடியாது என்கிறது 69ஆம் பிரிவு. கட்டாயமாக்கியிருந்தால் இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். வெளிமாநிலத்தில் போர் போட்டுவிட்டு, பாக்கிக்கு அலையும் நாளில்தான் இந்தப் பிரிவே கண்ணில் படும்.

பதிந்தவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒரு பாகஸ்தர் விலகி இன்னொருவர் சேர்ந்தால் பதிவேட்டிலும் அந்த மாற்றம் ஏற வேண்டும். உதாரணத்துக்கு, வழக்குப் போட்ட ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் பதிவு பெற்ற நிறுவனம்தான். வழக்குப் போட்ட நாளில் இருந்த பாகஸ்தர்களின் பெயர்கள் பதிவேட்டில் இல்லை என்பதற்காக, அந்த வழக்கு செல்லாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.