ஆயர் ஈத்தாம் மலையில் ஒரு கருணைத் தாய்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் காலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். பினாங்கு என்றதும் நமக்கு என்ன நினைவு வரும்? தைப்பூசம், இரதம், தண்ணீர்மலை, கடற்கரை. அவ்வளவுதானே?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எழுபதைத் தாண்டிய என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தைப்பூசத்திற்குப் பினாங்கு வருபவர். ஆனால் தண்ணீர்மலையிலிருந்து சில மைல் தூரத்தில், ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் இருக்கும் கெக் லோக் சி புத்தர் ஆலயத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், "அது சீனவங்க கோயிலாச்சே! நமக்கு அங்க என்னய்யா வேல?" என்பார்.

சென்ற விடுமுறையில் பேரப்பிள்ளைகள் விடவில்லை. வீட்டிலேயே பசியாறிவிட்டு, பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, கொம்தாரில் ஆயர் ஈத்தாம் பேருந்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் ஆமைக்குளம். ஆமைகளைக் குளத்தில் விடுவது உயிருக்கு விடுதலை தரும் புண்ணியம் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. பிள்ளைகள் கீரை வாங்கிப் போட்டு மகிழ்ந்தார்கள்.

இந்த ஆலயத்தைத் தொடங்கியவர் சீனத்திலிருந்து வந்த பியோ லியான் என்ற துறவி. 1890களில் தொடங்கிய முதற்கட்ட வேலை 1905இல் நிறைவடைந்தது. ஆனால் கட்டுவது அதோடு நின்றுவிடவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு தலைமுறையும் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது.

மேலே ஏறினால் ஏழடுக்குக் கோபுரம் ஒன்று. இதன் அடித்தளக் கல்லை நாட்டியவர் சயாம் மன்னர் ஆறாம் ராமா. 1930இல் கட்டி முடிந்தது. அடிப்பகுதி சீனப் பாணியில் எட்டுக் கோணம். நடுப்பகுதி சயாம் பாணி. உச்சி பர்மியக் கும்மட்டம். பௌத்தத்தில் சீனர் வழி வேறு, சயாமியர், பர்மியர் வழி வேறு. ஆனாலும் மூன்றையும் ஒரே கோபுரத்தில் அடுக்கியிருக்கிறார்கள், பாருங்கள்! இதற்குப் பதினாயிரம் புத்தர் கோபுரம் என்று பெயர்.

அதற்கும் மேலே போகச் சாய்வான மின்தூக்கி இருக்கிறது. சிறு கட்டணம்தான். "தண்ணீர்மலையில ஐந்நூத்திப் பதிமூணு படி ஏறுறவ நான், எனக்கெதுக்கு இது?" என்று அம்மா முறைத்தார். முழங்கால் வலியை அவர் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கவில்லை. பேரன் கையைப் பிடித்து இழுக்க, ஏறிக்கொண்டார்.

மின்தூக்கியை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தோம். வெண்கலத்தில் வார்த்த குவான் யின் சிலை! உயரம் சுமார் 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய நூறு அடி. முன்பு இங்கே வெண்ணிறச் சுதைச் சிலை ஒன்று இருந்தது. அது தீயில் சேதமடைந்ததால், இந்த வெண்கலச் சிலையை 2002இல் எழுப்பி முடித்தார்கள். வெயில் மழையிலிருந்து காக்க, 16 பெருந்தூண்கள் தாங்கும் மூன்றடுக்கு மண்டபமும் 2009இல் முடிந்தது. சுற்றிலும் பூங்கா, மீன்குளம், சீன ஆண்டுகளுக்குரிய பன்னிரண்டு விலங்குகளின் சிலைகள். கீழே ஜார்ஜ்டவுன், அதற்கப்பால் கடல்.

குவான் யின் சீனர்களின் கருணைத் தாய். ஆனால் மூலம் இந்தியாவில் இருக்கிறது. அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரே சீனத்திற்குப் போய், காலப்போக்கில் பெண் வடிவம் பெற்றுத் தாயானார். நம் மொழிக்கும் அவருக்கும் உறவுண்டு. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டதாகச் சொல்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம வாத்தியாருக்கே வாத்தியாருன்னு சொல்லு!" என்று சிரித்துவிட்டுக் கைகூப்பினார்.

ஆலயத்தில் ஓரிடத்தில் கூரை ஓடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காணிக்கை செலுத்தி, ஓட்டில் பெயர் எழுதிக் கொடுக்கலாம். அது கூரைக்குப் போகும். அங்கிருந்த ஒரு சீனப் பாட்டி, அம்மாவைப் பார்த்து, "டாரி மானா?" என்று கேட்டார்.

"டாரி எஸ்டேட்," என்றார் அம்மா.

பாட்டியின் முகம் மலர்ந்தது. "சாயா பூன் பொத்தோங் கெத்தா டூலு!" தானும் அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவராம்! பிறகென்ன? கொசுக்கடி, மழைநாளில் கூலி இல்லாத கஷ்டம், விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று இருவரும் பாசார் மலாயில் கால்மணி நேரம் பேசினார்கள். எங்களிடம்கூட அம்மா அவ்வளவும் சொன்னதில்லை.

ஓட்டில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டேன். பேரப்பிள்ளைகளின் பெயரைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். "நம்ம தோட்டத்துப் பேர எழுதுய்யா," என்றார்.

எங்கள் தோட்டம் இன்று இல்லை. துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயமில்லை, பெரட்டுக் களமில்லை, ஊர்ப் பலகையும் இல்லை. அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சீனப் பாட்டி இரண்டு கைகளாலும் வாங்கி, மற்ற ஓடுகளோடு வைத்தார். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசகர்களே, நம் சாமியை விட்டுவிட்டு வேறு சாமியிடம் போங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அம்மா அன்று மாலையே தண்ணீர்மலைக்கும் போய் முருகனைக் கும்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் கோயில் வாசலை ஒருமுறையாவது மிதித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளைகளோடு, முக்கியமாக வீட்டுப் பெரியவர்களோடு போய் வாருங்கள். காலையிலேயே போனால் வெயில் உறைக்காது. அடக்கமான உடையும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம். சீனப் பெருநாள் காலத்தில் இரவில் போனால் ஆலயம் முழுவதும் விளக்கொளியில் மின்னும். அடுத்த பெருநாளுக்கு எங்களை அங்கே அழைத்துப் போவதாக அம்மாவே சொல்லியிருக்கிறார்!