வீணாகும் கழிவிலே கொல்லைக்குச் சாப்பாடு

லயன் வீட்டுக்குப் பின்னால் நாலு முழம் நிலம் இருந்தால் போதும். அங்கே ஒரு கத்தரிச் செடி, ரெண்டு மிளகாய்ச் செடி, வேலியிலே ஒரு பயற்றங்கொடி இல்லாமல் இருக்காது. நம் தோட்டப்புற மக்களின் கைராசி அது. 1974ஆம் ஆண்டில் அரசாங்கம் ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ கொண்டுவந்து, வெற்று நிலத்தில் காய்கறி போடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. நம் தாய்மார்கள் அதற்கு வெகு காலம் முன்பே அதைச் செய்து கொண்டிருந்தார்கள். இன்று தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்கள்கூட வாசலில் நாலு சட்டி வைத்துக் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்க்கிறார்கள்.

ஆனால் கொல்லை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே குறைதான். “செடி வருதுங்க, காய்தான் பிடிக்க மாட்டேங்குது.” “உரம் போட்டேன், ஒரே மழையில எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சி.” “உரம் வாங்கவே காசு பத்தல, அப்புறம் காய் வாங்கவே போயிடலாமே!”

இந்த மூன்று குறையிலும் உண்மை இருக்கிறது. நம் நாட்டு மழை மண்ணில் கரைந்த சத்தை வேருக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே நாளில் இரண்டு கை உரத்தை அள்ளிப் போட்டால் செடி கொஞ்சம் தின்னும். மீதியைக் கால்வாய் தின்னும். விலையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். 2022ஆம் ஆண்டு உக்ரேன் போர் மூண்டபோது உர விலை உலகம் முழுவதும் எகிறியது. அந்தச் சூடு நம்மவர்களின் கொல்லை வரைக்கும் வந்தது.

அப்படியானால் என்ன செய்வது? கைக்குழந்தைக்கு ஒரு வாரச் சோற்றை ஒரே நாளில் ஊட்டுவோமா? கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்போம். செடிக்கும் அதே கணக்குத்தான். வீட்டிலும் தோட்டத்திலும் வீணாகப் போகிற பொருள்களை ஊறவைத்து, மெல்லிசாகக் கலக்கி, வாரம் ஒருமுறை வேரடியில் ஊற்றினால் போதும். காசும் மிச்சம், காயும் மிச்சம்.

செடிக்கு என்ன வேண்டும்?

செடிக்கு முக்கியமாக மூன்று சத்து வேண்டும். இலை தழைக்கத் தழைச்சத்து. வேர் ஓடவும் பூ விதை பிடிக்கவும் மணிச்சத்து. காய் திரளவும் தண்டு உறுதிப்படவும் சாம்பல்சத்து.

எது குறைகிறது என்பதைச் செடியே சொல்லும். அடியில் இருக்கிற பழைய இலைகள் முழுதாக மஞ்சளித்தால் தழைச்சத்துப் போதவில்லை. பழைய இலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்தது போலக் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கிறது, பூவே இல்லை என்றால் தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தச் செடியில்தான் அசுவினியும் வந்து மொய்க்கும்.

இலைத் தண்ணீர்

எல்லாவற்றிலும் சுலபம் இதுதான். செலவு ஒரு காசு கிடையாது. ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் இடையில் மண்ணை மூடிப் படர்கிறதே, அந்த மூடுகொடியை எல்லாருக்கும் தெரியும். அது பயறு இனத்தைச் சேர்ந்தது. காற்றில் உள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் சேர்த்து வைக்கிற சாதி. வேலியோரத்தில் நிற்கும் கிளிரிசீடியா மரத்தின் இலையும் அப்படியே.

இந்த இலைகளில் இரண்டு கிலோ பறித்துப் பொடியாக நறுக்கி, 20 லிட்டர் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கோலால் கிண்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 10 நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் இலை கரைந்து, தண்ணீர் கரும்பழுப்பாக மாறும். வாடை மூக்கைத் துளைக்கும்; அதற்குப் பயப்பட வேண்டாம். வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். கங்குங், தவசிக்கீரை, பசலை போன்ற கீரை வகைகளுக்கு இதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை: களைக்கு மருந்தடித்த இடத்தில் பறித்த இலையோ புல்லோ வேண்டவே வேண்டாம். சில களைமருந்துகள் துளி அளவிலேயே மிளகாயையும் பயற்றங்கொடியையும் சுருட்டிவிடும்.

சாணத் தண்ணீர்

வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருந்த காலம் மலையேறிவிட்டது. ஆனாலும் ஆடோ கோழியோ வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். மாட்டுச் சாணமோ ஆட்டுப் புழுக்கையோ இரண்டு கிலோ எடுத்து, கோணிச்சாக்கில் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சாக்கில் கட்டினால் வடிகட்டும் வேலை இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் சாறு இறங்கிவிடும்.

எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று அளவுகோல் தேட வேண்டாம். பால் போடாத தேத்தண்ணி நிறம் வருகிற வரைக்கும் கலக்குங்கள். கோழி எரு காரமானது. அதற்கு இன்னும் ஒரு மடங்கு தண்ணீர் கூட்டுங்கள். இல்லாவிட்டால் வேர் வெந்துவிடும்.

இங்கே தாய்மார்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பச்சைச் சாணத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கும். ஊறவைத்தால் அவை செத்துவிடும் என்று நம்பக் கூடாது. அதனால் வெள்ளரி, புதினா, கொத்தமல்லி போன்று வேகவைக்காமல் தின்கிற பயிருக்குச் சாணத் தண்ணீர் வேண்டாம். இலைத் தண்ணீர் ஊற்றுங்கள். மற்றச் செடிகளுக்கும் மண்ணிலேதான் ஊற்ற வேண்டும், இலைமேல் தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

மீன் கழிவு

மீன் குடல், தலை, செவுள் என்று கழித்துப் போடுகிறோமே, அதுவும் நல்ல உரம். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ சிவப்புச் சீனியோ வெல்லமோ கலந்து, வாய் அகன்ற ஜாடியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும்படி போட்டு, துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள். உள்ளே காற்று அடைத்து ஜாடி வெடித்துவிடும். மூன்று, நாலு வாரத்தில் கழிவு கரைந்து பாகு போல ஆகும். அதில் ஒரு சாப்பாட்டுக் கரண்டி எடுத்துப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். “கொஞ்சம் கூடப் போட்டா நல்லா வருமே” என்று நினைக்க வேண்டாம். கூடப் போட்டால் எறும்பும் எலியும்தான் வரும்.

கருவாடு கழுவின தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றவே கூடாது. உப்பு மண்ணைக் கெடுத்துவிடும்.

சாம்பலும் செம்பனைக் குலையும்

காய்க்கிற செடிக்குச் சாம்பல்சத்து வேண்டும் அல்லவா? விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி எடுத்துப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு ராத்திரி வைத்துத் தெளிந்ததும் மாதம் ஒருமுறை வேரைச் சுற்றி ஊற்றுங்கள். நம் தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண். சாம்பல் அந்தப் புளிப்பையும் கொஞ்சம் முறிக்கும். சாயம் பூசிய பலகை, பிளாஸ்டிக் எரித்த சாம்பல் ஆகாது. சாம்பலைச் சாணத் தண்ணீரிலும் கலக்காதீர்கள். கலந்தால் தழைச்சத்து ஆவியாகிக் காற்றோடு போய்விடும். மூக்கைப் பிடிக்க வைக்கும் நெடி அதற்கு அடையாளம்.

விறகு எரிக்காத வீட்டுக்கும் வழி இருக்கிறது. பழம் நீக்கிய செம்பனைக் குலையை ஆலையிலிருந்து கொண்டுவந்து மரத்தடியில் பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சாம்பல்சத்து நிறைய உண்டு. தண்ணீர் பட்டால் சுலபமாகக் கரைந்து இறங்கும். நிர்வாகத்தைக் கேட்டு ஒரு குலை வாங்கி, பிய்த்து வாளியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் ஊற்றலாம். சக்கையைச் செடியைச் சுற்றிப் போட்டால் ஈரமும் நிற்கும்.

அரிசி கழுவின தண்ணீர் மெல்லிய சத்து, அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுகிறார்கள். அந்தத் தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். தோலை நறுக்கி மண்ணில் புதைப்பதே மேல். முட்டை ஓடும் தண்ணீரில் கரையாது. பொடித்து மண்ணில் கலந்துவிடுங்கள்.

தோம்பிலே இருக்கிறது ஆபத்து

இவ்வளவும் சொன்ன பிறகு, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஊறவைக்கும் தோம்பு எது?

மருந்தடிக்கிற வேலையில் மிஞ்சும் காலி டின்னும் தோம்பும் தோட்டத்தில் சுலபமாகக் கிடைக்கும். “நல்லாக் கழுவிட்டோம், ஒண்ணும் ஆகாது” என்று அதில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்று முறை அலசினாலும் அது மருந்து டின்தான். ஓட்டை போட்டு ஒழிக்க வேண்டிய பொருளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பாராகுவாட் களைமருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அது உடம்புக்குள் போனால் முறிக்க மருந்தே கிடையாது. தடை வந்தாலும், அது இருந்த பழைய டின் இன்னும் எந்தக் கொட்டகை மூலையில் கிடக்கிறதோ, யார் கண்டார்? சமையல் எண்ணெய் டின்னோ, கடையில் வாங்கிய புது வாளியோ போதும்.

இரண்டாவது ஆபத்து கொசு. இலை ஊறிய தண்ணீரின் வாடை முட்டையிட வரும் கொசுவைக் கூப்பிடும். ஏடிஸ் கொசுவை ஆராய்கிறவர்கள் புல் ஊறிய தண்ணீரையே பொறியாக வைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நம் இலைத் தண்ணீர் ஊற இரண்டு வாரம் ஆகிறது. மூடாமல் வைத்தால் செடிக்குச் சத்தும் பிள்ளைக்கு டிங்கியும் ஒரே தோம்பில் தயாராகும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு வளர இடம் கொடுத்த வீட்டுக்காரர் அபராதமும் கட்ட நேரும். மெல்லிய வலைத்துணியை வாயில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் மூடியைப் போட்டு, கல்லை வையுங்கள். வாடையும் அடங்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கும் வரமாட்டார். தவழ்கிற குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும் பயமும் இல்லை.

எப்போது, எவ்வளவு?

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், ஈரமாக இருக்கிற மண்ணில் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் முதலில் வெறும் தண்ணீர் விடுங்கள். மழை கறுத்து வருகிற நேரத்தில் ஊற்றாதீர்கள். செடிக்கு ஒரு பால்டின் அளவு. கீரைக்கு வாரம் ஒருமுறை. காய்க்கிற செடிக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை. நாற்றுக்கு நாலு இலை விட்ட பிறகு, பாதி காரத்தில். பூ வந்ததும் இலைத் தண்ணீரைக் குறைத்து, குலைத் தண்ணீரையோ சாம்பல் தண்ணீரையோ கூட்டுங்கள். மட்கிய குப்பையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சத்துத் தண்ணீர் குழம்பு என்றால், மட்கு எரு சோறு.

ஒரு வாளி, ஒரு கோணிச்சாக்கு, ஒரு வலைத்துணி. முதலீடு இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி இலைத் தண்ணீர் போட்டு, ஒரு பாத்திக்கு ஊற்றி, அடுத்த பாத்திக்கு ஊற்றாமல் விட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு வாரா வாரம் செடியை அளந்து எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாத்தி காய்க்கிறது என்று உங்கள் கொல்லையே பதில் சொல்லும்.