வரியா, வசூல் கூலியா?

சென்னையிலிருந்து லண்டனில் இருக்கும் மகளுக்குத் தீபாவளிச் சேலை ஒன்று தபாலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் செலவையும் சேர்த்து அதன் மதிப்பு 45 பவுண்டு. பரிசுப் பொருட்களுக்கு பிரிட்டன் தரும் வரிவிலக்கு 39 பவுண்டோடு முடிந்துவிடுவதால் 20 சதவீத வாட், அதாவது 9 பவுண்டு கட்ட வேண்டும். அதோடு விடுவதில்லை. வரியை வசூலித்துத் தரும் வேலைக்காக அந்நாட்டு அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் தன் பங்குக்கு 8 பவுண்டு கையாளும் கட்டணம் கேட்கும். ஏறக்குறைய வரிக்குச் சமமான தொகை, வரியை வாங்கும் கூலிக்கே போய்விடுகிறது. சிறு பார்சல்களைப் பற்றிய விவாதம் எப்போதும் வரி வேண்டுமா, வேண்டாமா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் சாதாரண மக்களை வாட்டுவது பெரும்பாலும் வரி அல்ல, அதை வசூலிக்கும் முறைதான்.

சிறு மதிப்புப் பொருட்களுக்கு வரிவிலக்கு பிறந்ததே இந்தக் கணக்கில்தான். வரவை விட வசூல் செலவு அதிகமானால் விட்டுவிடலாம் என்று அமெரிக்கா 1938-லேயே சட்டம் செய்தது. 2016-ல் அந்த வரம்பு 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்ந்தது. 2015-ல் சுமார் 14 கோடியாக இருந்த இத்தகைய பார்சல்கள் 2024-ல் 136 கோடியைத் தொட்டன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதே ஆண்டில் 460 கோடி வந்தன. பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து. கன்டெய்னரில் சரக்கை இறக்கி முழு வரியும் கட்டும் உள்ளூர்க் கடைக்காரர், இது என்ன நியாயம் என்று கேட்டால் அதற்கு மறுமொழி கிடையாது. விலக்கு காலத்துக்கும் நீடிக்க வேண்டும் என்று வாதாடுவது வீண்.

ஆனால் விலக்கை எடுப்பவர்கள், வரியை யார், எந்த இடத்தில் வாங்குவது என்பதை முதலில் தீர்த்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் விலக்கை நிறுத்தியபோது அது தீர்ந்திருக்கவில்லை. இந்திய அஞ்சல் துறை உட்பட 88 அஞ்சல் அமைப்புகள் அமெரிக்காவுக்கான சேவையை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஒரே வாரத்தில் அங்கு போகும் தபால் 81 சதவீதம் சரிந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் கணக்கிட்டது. இத்தனைக்கும் மாற்று மாதிரி முன்பே இருந்தது. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து, விற்கும் இணையதளமே விலையோடு வரியையும் வாங்கிக் கட்டும்படி செய்துவிட்டன. வாங்குபவருக்கு மொத்தத் தொகை அப்போதே தெரிந்துவிடும். வாசலில் யாரும் கை நீட்ட வேண்டியதில்லை.

இது பெரிய நிறுவனங்களுக்கே கைகொடுக்கும், பத்து நகை செய்து விற்கும் பெண் எந்த நாட்டில் போய்ப் பதிவு செய்வாள் என்று கேட்கலாம். இதைத் தள்ளிவிட முடியாது. அவளுக்கான பதில் அஞ்சலகக் கவுன்ட்டரில் இருக்கிறது. இந்திய அஞ்சல் துறை 2025 அக்டோபர் 15-ல் அமெரிக்கச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, பார்சலை வாங்கும் இடத்திலேயே அந்நாட்டு வரியையும் வசூலித்து, தபால் கட்டணத்தையும் உயர்த்தாமல் விட்டது. அப்போது வரி விகிதம் 50 சதவீதமாக இருந்தது கொடுமைதான்; ஆனால் அது வேறு சண்டை. அனுப்பும் இடத்திலேயே வசூலிக்கும் ஏற்பாடு சரியானது. சிறு பார்சல்களில் போதைப்பொருள் வந்துவிடும் என்ற அச்சமும் உண்மையே. அதற்கு வேண்டியது முன்கூட்டி வரும் மின்னணு விவரமும் சோதனையும். கையாளும் கட்டணம் எந்தக் கடத்தலையும் பிடிப்பதில்லை.

விற்பனையே இல்லாத, குடும்பத்துக்குள் போகும் பொட்டலங்களுக்கு இந்த முறைகள் எதுவும் பொருந்தாது. அவற்றுக்குக் கௌரவமான ஒரு விலக்கு வரம்பு இருக்கத்தான் வேண்டும். அமெரிக்காகூட 100 டாலர் வரையிலான பரிசை விட்டுவைத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த சலுகையை, வணிகர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால், ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவிட்டு 2019 டிசம்பரில் இந்தியா ரத்து செய்தது. தவறு செய்த வணிகர்களைப் பிடிக்க இப்போது வேறு வழிகள் இருக்கும்போது, அந்த 5,000 ரூபாய் வரம்பைத் தனிமனிதர்களின் பரிசுகளுக்குத் திருப்பித் தருவதில் அரசுக்குப் பெரிய இழப்பு ஏதுமில்லை.