மூன்று மாத ஆயுளும் அதன் கிரயமும்

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் தேதி, இந்தியக் காப்புரிமைத் துறையின் தலைமை அதிகாரியாயிருந்த பி. எச். குரியன் பிறப்பித்த ஓர் உத்தரவு, இந்நாட்டு மருந்து வியாபாரத்தின் சரித்திரத்தில் அதுவரை நிகழாத ஒன்றை நிகழ்த்திற்று. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் சோராஃபெனிப் என்னும் மாத்திரையின் காப்புரிமை ஜெர்மனியின் பேயர் கம்பெனியிடம் இருந்தது. 'நெக்ஸாவர்' என்ற பெயரில் விற்ற அம்மாத்திரையில், ஒரு நோயாளிக்கு ஒரு மாதத்திற்கு வேண்டிய 120-க்கு அக்கம்பெனி வைத்திருந்த விலை 2,80,428 ரூபாய். பொதுமக்களின் நியாயமான தேவை பூர்த்தியாகவில்லை, விலை அவர்கள் சக்திக்கு எட்டுவதாயில்லை, மருந்தும் இந்நாட்டில் உற்பத்தியாகவில்லை என்ற மூன்று காரணங்களைக் காட்டி, அதே மருந்தை ஹைதராபாத்திலுள்ள நாட்கோ நிறுவனம் தயாரித்து மாதத்திற்கு 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்கலாமென்றும், விற்பனையில் நூற்றுக்கு ஆறு பங்கைப் பேயருக்கு உரிமைத்தொகையாகச் செலுத்த வேண்டுமென்றும் அந்த உத்தரவு விதித்தது. பேயர் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. 2013 மார்ச்சில் வாரியம் உரிமைத்தொகையை ஏழு பங்காக உயர்த்தியதோடு நிறுத்திக்கொண்டது. 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது.

அவ்வுத்தரவு முற்றிலும் தர்மமானது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. உயிருக்கு மன்றாடும் ஒருவனிடம் அவன் பல ஆண்டுச் சம்பாத்தியத்தை ஒரு மாத மருந்துக்குக் கேட்பதை எந்த வியாபார நியாயமும் மூடி மறைக்க இயலாது. ஆயினும், அந்த வழக்கில் வாதிட்டவர்கள் கேட்க அவசியமில்லாததும், நோயாளியின் வீட்டார் அவசியம் கேட்டே தீரவேண்டியதுமான கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பணத்திற்கு, அது மூன்று லட்சத்தை நெருங்கினாலும் சரி, எட்டாயிரத்துச் சொச்சமானாலும் சரி, கைக்கு வருவது என்ன?

இம்மருந்தின் கீர்த்திக்கு ஆதாரமாக 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், முற்றிய கல்லீரல் புற்றுநோயுள்ள 602 பேர் கலந்துகொண்டார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் பாதிப்பேர் ஏறத்தாழ 7.9 மாதங்களுக்குள் காலமாயினர். மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் காலமாவதற்கு 10.7 மாதங்கள் ஆயின. வித்தியாசம் மூன்று மாதத்திற்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டு வெளியான, கிழக்காசிய நாடுகளில் நடந்த ஆராய்ச்சியில் அந்தக் கணக்கு 4.2 மாதத்திலிருந்து 6.5 மாதமாயிற்று. இது நோயை அடியோடு களையும் மருந்தன்று. கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுத்து அதன் வேகத்தைத் தணிப்பது. நோயின் உபத்திரவங்கள் தலையெடுக்கும் காலத்தை இது தள்ளிப்போட்டதாகவும் அந்த 2008 ஆராய்ச்சியில் தெரியவரவில்லை.

அந்த மூன்று மாதத்தை நாம் அருகிலிருந்தும் பார்க்க வேண்டும். காலையில் இரண்டு மாத்திரை, மாலையில் இரண்டு, அதுவும் வயிற்றில் ஆகாரமில்லாத வேளை பார்த்து. சில வாரங்களுக்குள் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, கொப்புளித்து, தோல் உரிகிறது. நோயாளி சூடான காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் துண்டைச் சுற்றிப் பிடிக்கிறார். கொல்லைப்புறம் போக நாலடி வைப்பதற்குள் குதிகால் எரிகிறதென்று சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். அங்கே போக வேண்டியதோ, வயிற்றுப்போக்கினால், நாளைக்குப் பலமுறை. மாத்திரையின் அளவைக் குறைத்தால் பலருக்கு இவை தணிகின்றன என்பதும் உண்மையே. ஆனால் முதல் சீட்டை எழுதுமுன் இவ்வளவையும் நோயாளியின் முகத்தைப் பார்த்து எடுத்துரைக்கும் வைத்தியர்கள் எத்தனை பேர்?

நம் ஆஸ்பத்திரிகளில் அந்த வார்த்தை நோயாளிக்குப் போய்ச் சேருவதே இல்லை. தகப்பனாரைக் கைத்தாங்கலாக வெளியே பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, மகன் மட்டும் மறுபடி அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர், தெரிஞ்சா இன்னிக்கே உடைஞ்சு போயிடுவார்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். அவனுடைய அன்பில் கலப்படமில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவருடைய உடம்பைப் பற்றிய யோசனை அவரில்லாத இடத்திலேயே நடக்கிறது. நிலம் கிரயமாகிறது; மருமகளின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது; நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். 'கடைசிவரை பார்த்தோம்' என்ற ஒரு வார்த்தைக்காகவும், நாலு பேர் நாக்கில் பல்லைப் போட்டுப் பேசிவிடக்கூடாதே என்ற அச்சத்துக்காகவும், அவரிடம் கேளாமலே அவருடைய கடைசி வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டைக்குள் குழாயோடு, மணிக்கணக்கு பார்த்து ஒருவரை மட்டும் உள்ளே விடும் கதவுக்கு அப்பால் கழிந்துவிடுகிறது. அந்த வாரத்தின் பில்லைக் கட்டியபிறகே சில வீடுகளில் சவத்தைப் பெற வேண்டியிருக்கிறது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

இதனால், மூன்று மாதம் அற்பமென்று நான் சொல்லுவதாக எவரும் கொள்ளலாகாது. ஆவணியில் மகளின் கலியாணத்தை நிச்சயித்துவிட்டு வைகாசியில் படுத்த ஒருவருக்கு அந்த மூன்று மாதமே ஜீவிதத்தின் பிரயோஜனமாக இருக்கக்கூடும். அதற்காகத் தோல் உரிவதையும் பணம் கரைவதையும் அவர் மனமொப்பி ஏற்பாரானால், அதை வீண் செலவென்று சொல்ல அரசாங்கத்துக்கோ பொருளாதார நிபுணருக்கோ பாத்தியதை இல்லை. இன்னொருவர், பேத்தியின் காலேஜ் பணத்தைத் தின்று அந்த மாதங்களை வாழ விரும்பமாட்டார். வலியில்லாமல் தம் வீட்டுத் திண்ணையில் கிடந்தால் போதும் என்பார். இவ்விருவரில் எவர் சொல்வது சரியென்று வெளியார் நிர்ணயிப்பதற்கில்லை. அவர்களைக் கேட்காமலே நிர்ணயிப்பதுதான் அதர்மம். நம்மிடையே அன்றாடம் நடப்பதும் அதுவே.

வைத்தியர்கள்மீது குற்றம் சாட்டுவது எளிது. ஒரு காலைக்குள் நூறு நோயாளிகளைப் பார்த்துத் தீரவேண்டிய அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டருக்கு, அடுத்த கீமோவை எழுத இரண்டு நிமிஷம் போதும். இனி இது பயன்படாதென்று சொல்லி, கேட்பவர் அழுது ஓயும்வரை உடனிருக்க ஒரு மணி நேரம் வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியிலோ, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டணச் சீட்டில் இனமே கிடையாது. மருந்துக்கும் ஸ்கேனுக்கும் படுக்கைக்கும் உண்டு.

அந்த உரையாடலின் பலன் இன்னதென்று அறிய 2010-இல் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதனுடன், நோய் தெரிந்த ஆரம்பத்திலிருந்தே, வலியையும் மனத்துயரையும் தணித்து, அவர்கள் விரும்புவது என்னவென்று கேட்டறியும் நோய்த்தணிப்பு மருத்துவக் குழுவின் கவனிப்பு. இரண்டாம் பிரிவினர் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். கடைசிக் காலத்தில் உக்கிரமான சிகிச்சைகளை அவர்களில் குறைவானவர்களே பெற்றார்கள். அப்படியிருந்தும் மற்றவர்கள் 8.9 மாதம் என்றால் இவர்கள் 11.6 மாதம் உயிரோடிருந்தார்கள். நோய் வேறு, ஆய்வு சிறிது, எல்லாப் புற்றுநோயிலும் இவ்வாறே ஆயுள் நீளுமென்று கொள்வதற்கில்லை. ஆனாலும் வித்தியாசம் 2.7 மாதம், சோராஃபெனிப் கல்லீரல் நோயில் கொடுத்தது 2.8. முன்னதற்குக் காப்புரிமை கேட்டு எவரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. அதை விற்பதற்குப் பிரதிநிதிகளும் வீதியில் அலைவதில்லை.

இந்தக் கவனிப்பின் அடிப்படை மருந்து மார்ஃபின். வாய்வழியாகக் கொடுக்கும் அந்த மாத்திரை மிகவும் மலிவானது. அரசாங்க லைசென்ஸின் கீழ் அபினிச் செடி பயிராகும் இந்நாட்டில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கட்டுப்பாடுகளினால், ஒரு புட்டி மார்ஃபினுக்குப் பல இலாகாக்களின் அனுமதியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அந்தத் தொல்லையே வேண்டாமென்று மருந்தை வைக்காமலே விட்டுவிட்டன. திருவனந்தபுரத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றோரும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2008-லேயே நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கென்று ஓர் அரசுக் கொள்கையை வகுத்துக்கொண்டது. அங்கே கிராமத்து நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கே போகிறாள். மற்ற இடங்களில், பெரிய மருந்துக்காகச் சொத்தை விற்ற குடும்பமே, எலும்பில் பரவிய வலிக்கு மார்ஃபின் எங்கே கிடைக்குமென்று தெரியாமல் இரவெல்லாம் நோயாளியின் முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விலை குறைப்பில் காட்டிய உறுதியை இந்த விஷயத்திலும் நாம் காட்டியிருக்க வேண்டும்.

சட்டம் இப்போது நோயாளியின் பக்கம் நிற்கிறது. மீளமுடியாத நிலையில் செயற்கையாக உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை தமக்கு வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்க ஒருவருக்கு உரிமையுண்டென்று 2018 மார்ச் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதற்கு மாஜிஸ்ட்ரேட்டின் கையெழுத்து வேண்டுமென்றிருந்த நிபந்தனையைத் தளர்த்தி, நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதுமென்று 2023 ஜனவரியில் அதே கோர்ட் எளிதாக்கியும் விட்டது. சுயநினைவோடும் தெளிந்த சித்தத்தோடும் எழுத வேண்டிய பத்திரம் அது. தமக்கு வந்திருப்பது 'கல்லீரலில் ஒரு சிறு வீக்கம்' என்று மட்டும் நம்பவைக்கப்பட்டிருக்கும் மனிதருக்கு அதை எழுதவேண்டுமென்ற யோசனையே வராது. ஆகவே, முதல் மாத்திரைக்குச் சீட்டெழுதும் அன்றே, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை உள்ளே அழைத்து, அவருக்கு எவ்வளவு தெரிய விருப்பமென்று அவரிடமே கேட்டு, விரும்பினால் அந்த 2.8 மாதத்தையும், உள்ளங்கைத் தோலையும், மாதச் செலவையும், வீட்டிலேயே வலியின்றி இருக்கும் மாற்றையும் அவர் பாஷையில் அவரிடமே சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. கும்பிட்டு நிற்கும் மகனை அப்போது கூடவே வைத்துக்கொள்ள வேண்டும், அவனும் ஆறுதலுக்கு உரியவன்தான்.