நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைவோரைக் கண்டு நகைப்பவர் பலர். கைத்தொலைபேசியில் ஒரு கணத்திற் கேட்கக்கூடிய பாட்டுக்காகக் கறுப்புத் தட்டொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவது ஏன் என்பது அவர்தம் வினா. அதற்கு விடையாக ஒரேயொரு தட்டின் வரலாற்றை இங்கே கூறுவோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 1960களில் உருவான இசைவகையொன்று ‘ஃபங்க்’ எனப்படும். இராகத்தின் இழைவைவிடத் தாளத்தின் வீறே அதில் முதன்மை பெறும். நான்கடித் தாளத்தின் முதலடியில் வாத்தியங்கள் யாவும் ஒருங்கே ஊன்றும். எஞ்சிய இடைவெளிகளில் ஒன்றையொன்று துரத்தும். இம்முறையை வகுத்தவருள் தலையாயவர் ஜேம்ஸ் பிறவுண்.

1970 மார்ச் மாதத்தில், ஊதியப் பிணக்கினால் அவருடைய பழைய வாத்தியக்காரர் பலர் பிரிந்தனர். அவர்தம் இடத்துக்குச் சின்சினாட்டி நகரத்து இளைஞர் சிலரை அவர் அழைத்துக்கொண்டார். பேஸ் கிற்றார் வாசித்த பூட்ஸி கொலின்சுக்கு அப்போது வயது 18. ‘கற்ஃபிஷ்’ என்று அழைக்கப்பட்ட அவர் தமையனாரும் கிற்றாருடன் உடன் வந்தார். இவ்வணி ஏறத்தாழ ஓராண்டே நிலைத்தது. எனினும், அவ்வோராண்டில் அவர்கள் எழுப்பிய தாளக்கட்டைப் பின்வந்தோர் பலர் பாடமாகவே கொண்டனர்.

1971 மார்ச் 8ஆந் திகதி பாரிஸ் மாநகரின் ஒலிம்பியா அரங்கில் இவர்கள் நிகழ்த்திய கச்சேரி நாடாவிற் பதிவாயிற்று. அதை மூன்று தட்டுகளாக வெளியிட எண்ணியிருந்தனர். ஆயின், விரைவிலேயே கொலின்ஸ் சகோதரர் விலகினர். பிறவுணும் அவ்வாண்டில் கிங் கொம்பனியை விட்டுப் பொலிடோர் கொம்பனியைச் சேர்ந்தார். கலைந்துபோன அணியின் தட்டு கைவிடப்பட்டது, நாடா உறங்கிற்று.

1992இல் ‘லவ் பவர் பீஸ்’ என்னும் பெயருடன் அது இறுவட்டாக வெளிவந்தது. ஆனால் முதலில் எண்ணியவாறு மூன்று வினைல் தட்டுகளாக, 1971இல் அமைத்த ஒலிக்கலவையுடன், சண்டேஸ்ட் கொம்பனி அதை வெளியிட்டது 2014இலேதான். ஆகவே, ‘1971ஆம் ஆண்டு கடைக்கு வந்த மூலப்பதிப்பு’ என்று எவரேனும் இதனை விலைகூறினால், இல்லாத பொருளையே விற்கிறார் என்று அறிக.

மேடைப்பதிவு என்று உறையில் எழுதியிருப்பதனால் மட்டும் ஒரு தட்டு அத்தகையது ஆகிவிடாது. பிறவுணின் ‘செக்ஸ் மெஷின்’ என்னும் 1970ஆம் ஆண்டு இரட்டைத்தட்டு மேடைப்பதிவு எனவே வெளியிடப்பட்டது. அதன் ஒருபகுதி உண்மையில் ஒலிப்பதிவுக்கூடத்திற் பதிந்து, பின்னர் கைதட்டல் சேர்க்கப்பட்டதாகும். எனவே, வாங்குவோர் ஒலிப்பதிவின் இடத்தையும் நாளையும் முதலில் விசாரித்தல் வேண்டும். பின்னர், தட்டை வெளிச்சத்திற் சாய்த்துக் கீறல்களை நோக்குக. இறுதி வரிக்கும் நடுத்தாளுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திற் பொறித்திருக்கும் இலக்கத்தையும் படித்தல் நன்று. உறை மாறலாம், அவ்விலக்கம் எளிதில் மாறாது.

ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பாட்டைப் பத்துமுறை திருத்திப் பாடலாம். மேடையில் நிகழ்ந்த ஓர் இரவை மீண்டும் நிகழ்த்த இயலாது. அணி கலைந்த பின்னரோ, அதற்கு வழியே இல்லை. பிறவுண் 2006இலும், கற்ஃபிஷ் கொலின்ஸ் 2010இலும் காலமாயினர். தாம் வாசித்த அவ்விரவு மூன்று தட்டுகளாக வெளிவந்ததை அவ்விருவரும் காணவில்லை. யாரோ ஒருவர் அந்நாடாவை எறியாது பேணியமையால் நமக்கு அது கிட்டிற்று. தட்டைத் தேடி அலைவோரும் அப்பணியின் ஒரு கூற்றையே செய்கின்றனர்.