பேய்வீட்டின் பின்வாசல்

சத்தம் போடாமல் இந்தப் பக்கம் வாருங்கள். முன்வாசலில் நின்றால் எலும்புக்கூடும் சிலந்தி வலையும்தான் கண்ணில் படும். கார் ஷெட் வழியாக நுழைந்தால்தான் அசல் விருந்து! அமெரிக்காவின் பிலடெல்பியா புறநகரில், எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் அக்டோபர் 31 ஹாலோவீன் மாலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த எனக்கு இந்தமுறை உள்ளே வர அனுமதி. உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் பார்ப்பேனா?

காரை வெளியே தள்ளிவிட்டார்கள். ஷெட் இப்போது கூத்துக் கொட்டகையின் ஒப்பனை அறை மாதிரி இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும் வௌவால், பாதிச் சாயம் பூசிய அட்டைக் கல்லறை, கால் வைக்கும் இடமெல்லாம் மின்விளக்குச் சரம். குனிந்து வாருங்கள், அந்தப் பஞ்சு வலை முடியில் ஒட்டினால் லேசில் விடாது. “என் இன்னொரு இறக்கை எங்கே?” என்று தேனீ வேடம் போட்ட கடைக்குட்டி அலறுகிறது. இறக்கை நாயின் வாயில் இருக்கிறது!

அடுத்து சமையலறை. மேசை நிறையப் பழைய செய்தித்தாள், அதன்மேல் பருத்த பரங்கிக்காய்கள். மூத்த பெண்ணுக்கு முழங்கை வரை மஞ்சள் நார். ஐரிஷ் வம்சத்துப் பாட்டி விதைகளை அலசி, எண்ணெயும் உப்பும் பிசறி ஓவனில் தள்ளுகிறார். வறுபடும் வாசனைக்கே எச்சில் ஊறுகிறது. அயர்லாந்தில் அவருடைய முன்னோர் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்களாம். அமெரிக்கா வந்த பிறகு பரங்கிக்காய் கிடைத்தது, குடையவும் சுலபம். பேத்தி கத்தியை எடுத்ததும் உத்தரவு பறக்கிறது: “பல்லு சிரிக்கணும், கடிக்கக் கூடாது!”

ஃபிரிட்ஜ் கதவைப் பாருங்கள். ஹாலோவீன் சாத்தானின் திருநாள் என்று எச்சரிக்கும் துண்டுப்பிரசுரம் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது. வேறு சபைக்குப் போகும் அண்ணன், இந்த வீட்டு அம்மாவான தன் தங்கைக்கு அனுப்பியது. இந்தத் தங்கை, பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவர். “அக்கறையில அனுப்பினார், கிழிச்சுப் போட மனசு வரலை. அவர் இன்னிக்கு விளக்கை அணைச்சுட்டு ஜெபம் பண்ணுவார். நாங்க விளக்கைப் போட்டுட்டு மிட்டாய் கொடுப்போம்” என்கிறார், தேனீயின் இறக்கையில் நாயின் எச்சிலைத் துடைத்தபடியே. பக்கத்தில் தொங்கும் காலண்டரில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. காலையில் குடும்பத்தோடு திருப்பலி. அந்தப் பெருவிழாவுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அவருக்கு இரண்டும் ஒரே கொண்டாட்டத்தின் அடுத்தடுத்த நாட்கள்.

மூத்தவள் கையில் ஓர் ஆரஞ்சு நிற உண்டியல் பெட்டி. அதற்கும் இந்த ஊருக்கும் சொந்தம் உண்டு. 1950-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன் போதகர் கிளைடு ஆலிசனும் அவர் மனைவி மேரி எம்மாவும் தங்கள் பிள்ளைகளை ஹாலோவீன் அன்று பால் அட்டைப்பெட்டிகளோடு காசு திரட்ட வீடு வீடாக அனுப்பினார்கள். சேர்ந்த 17 டாலர், ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் போனது. பிறகு நாடு முழுக்கப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தொடங்கி வைத்தது ஒரு போதகர் வீடு!

நேரமாகிவிட்டது, உடுப்பு மாட்டும் அமளி! வெளியே குளிர், இளவரசி கவுனுக்குள் கம்பளிப் பேன்ட் திணிக்கப்படுகிறது. இளவரசியின் முகத்தில் கடுகடுப்பு. அப்பாவோ கொரில்லா உடைக்குள் வியர்வையில் குளிக்கிறார். திடீரென்று ஒரு வீறிடல். தேனீ கொரில்லாவைப் பார்த்துவிட்டது. அவர் உடனே மண்டியிட்டுக் கொரில்லாத் தலையைக் கழற்றுகிறார். உள்ளே சிவந்து நனைந்த அப்பா முகம்! தேனீ அந்தத் தலையை வாங்கி உள்ளே எட்டிப் பார்க்கிறாள், தன் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாள், உறுமுகிறாள். வீடே சிரிக்கிறது. நான் கைதட்டியே விட்டேன்.

இதைத்தான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். இங்கே யாரும் இருட்டைக் கும்பிடவில்லை. பயத்தின் முகமூடியைக் கழற்றி, உள்ளே இருப்பது அப்பாதான் என்று பிள்ளைக்குக் காட்டுகிறார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கும் கூடை நிறைய மிட்டாய் வைத்துக் காத்திருக்கிறார்கள். இதனால் இந்த வீட்டின் பக்தி ஒரு துளியும் குறையவில்லை.

ஹாலோவீனுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் வேடமிட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டலாம். அணைந்திருந்தால் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தெருவில் இடம் கொடுக்கும் சட்டம் அது. இந்த ஊர்ப் பக்கம் குடிவந்தால், உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள். விளக்கைப் போடுவதென்றால் மட்டும் மிட்டாயைத் தாராளமாக வாங்கி வையுங்கள். வருகிற கூட்டம் பெரிது!