பழைய காரைக் கொடுத்தால் வரிச்சலுகை... கான்டெஸா ஓனர்கள் கவலைப்படுவது ஏன்?

பழைய காரை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஸ்கிராப்புக்குக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவாங்க. அதைக் காட்டிப் புது கார் வாங்கினால் சாலை வரியில் 25% வரை சலுகை. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த திட்டம் இது. புது காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவிகிதம் வரை பழைய காருக்குக் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு.

தினசரி ஓட்டித் தேய்ந்த காருக்கு இது ஓகே. ஆனால், பார்த்துப் பார்த்து பாலிஷ் போட்டு வைத்திருக்கும் கான்டெஸாவுக்கு?

'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாமே எனக் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அதற்கு முதல் பதிவில் இருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும். கான்டெஸா விற்பனைக்கு வந்ததே 1984-ல். ஆக, 2034 வரை வெயிட்டிங்! அதுவரை 15 வருஷம் தாண்டிய சாதாரண காருக்கான விதிதான். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது நினைவிருக்கும்.

யாரும் காரைப் பிடுங்கப் போவதில்லை. கொடுப்பது அவரவர் விருப்பம். உண்மையான பயம் வேறு. கான்டெஸா தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு டெயில் லேம்ப் வேணும்னா, ஓடாமல் நிற்கும் இன்னொரு கான்டெஸாவைத்தான் தேடணும். சலுகைக்காக அதை ஒருவர் நொறுக்கக் கொடுத்துவிட்டால், ஓடுகிற கார் ஷெட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.